சிசுவின் மூளைக்கு ஒரு காவல்

(ஆதரவாளர் கூடுகையில் அளித்த உரை)



இன்குபேட்டர் அருகே நிற்கும் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஐயா, பிள்ளையின் மூளைக்கு ஒன்றும் ஆகாதே?" நாங்கள் மருத்துவர்கள் அல்ல, ஜெபிக்க அழைக்கப்பட்டவர்கள். ஆயினும் அவர்களுடைய பயம் இன்னதென்று அறியாமல் ஜெபிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே மருத்துவர்களிடம் கேட்டு அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நம் உடலில் இரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், மூளைக்குச் செல்லும் இரத்தம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். மதகை ஏற்றி இறக்கி வாய்க்காலைக் காக்கும் மடைக்காரரைப் போல, இரத்தக்குழாய்களே சுருங்கியும் விரிந்தும் அதைக் காக்கின்றன. 28 வாரம் நிறையுமுன் பிறக்கும் சிசுவிடம் இந்தக் காவல் இன்னும் முதிர்ந்திருக்காது. ஓட்டம் மிகுந்தால் மெல்லிய குழாய்கள் கசியும். குறைந்தால் மூளைத் திசு வாடும். பிறந்த முதல் 3 நாட்களே மிகவும் ஆபத்தானவை.

அகச்சிவப்பு ஒளி தோலையும் எலும்பையும் ஊடுருவும். பிராணவாயு ஏற்ற இரத்தமும் இழந்த இரத்தமும் அதை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். இதைக்கொண்டு மூளையை அறியலாம் என்று 1977இல் அமெரிக்காவில் ஃபிரான்ஸ் ஜோப்சிஸ் காட்டினார். 1986இல் லண்டனில் ரெய்னால்ட்ஸ், டெல்பி குழுவினர் நோயுற்ற சிசுக்களிடம் இம்முறையில் அளந்து எழுதினார்கள். ஊசி கிடையாது, தலையில் ஒளி உணர்கருவியைப் பொருத்தினால் போதும்.

ஆனால் திரும்பி வரும் ஒளி மிகச் சொற்பம். சிசு தலையை அசைத்தால் திரையில் கோடு துள்ளும். இதயத்துடிப்பும் மூச்சும் தங்கள் அலைகளைச் சேர்க்கும். இவற்றை நீக்கி, மெதுவான அலைகளைப் பிரித்தெடுப்பது கணிதத்தின் வேலை. அவ்வலைகளை இரத்த அழுத்தத்தின் அலைகளோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால், மடைக்காரர் தூங்குகிறார் என்று பொருள். 2000இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், 32 குறைமாதச் சிசுக்களுள் இவ்வாறு அலைகள் சேர்ந்தோடியவர்களிடமே மூளைப் பாதிப்பு அதிகம் காணப்பட்டது.

"அப்படியானால் இந்தக் கருவியை வாங்கித் தரட்டுமா?" என்று அன்போடு கேட்பீர்கள். காணிக்கை கொடுப்பவர்களிடம் முழு உண்மையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 17 நாடுகளில், 70 மருத்துவமனைகளில், 1601 சிசுக்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. மூளையின் பிராணவாயு அளவைக் கருவியில் பார்த்து 72 மணி நேரம் சிகிச்சையளித்த குழுவில் மரணமோ கடும் மூளைப் பாதிப்போ 35.2 சதவீதம், வழக்கமான பராமரிப்பில் 34.0 சதவீதம். கருவியால் நன்மை காணப்படவில்லை. அதில் பார்க்கப்பட்டது பிராணவாயு அளவே. அலைகளின் ஒப்பீடு அல்ல. ஆகவே தேடல் முடிந்துவிடவில்லை.

ஆனால் பலன் நிரூபிக்கப்பட்ட எளிய காரியங்கள் உண்டு. குறைப்பிரசவம் நேரும் என்று தெரிந்தவுடன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, சிசுவின் மூளை இரத்தக்கசிவைக் குறைக்கிறது. அதற்குத் தாய் நேரத்தோடு வந்து சேரவேண்டும். உங்கள் காணிக்கை முதலில் அங்கே சேரட்டும்.

அந்தத் தாயின் கேள்விக்கு நிச்சயமான பதில் எங்களிடம் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல், அவள் அருகில் நிற்கிறோம். நீங்களும் எங்களோடு நிற்கிறீர்கள்.