கற்பிப்போர் களைத்துப் போகலாமா?

(யூபிலி ஆண்டை முன்னிட்டு, தனிப்பயிற்சி நடத்துவோர்க்கும் பெற்றோர்க்கும் நடந்த கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கிலுள்ள ஒவ்வொரு தொழில் செய்வோரையும் தனித்தனியே அழைத்துப் பேசி வருகிறோம். ஆலைத் தொழிலாளரை அழைத்தோம். கட்டட வேலை செய்வோரை அழைத்தோம். இன்று டியூஷன் நடத்துவோரை அழைத்திருக்கிறோம். "டியூஷனும் ஒரு தொழிலா, ஃபாதர்?" என்று ஒருவர் கேட்டார். ஐயமின்றித் தொழில்தான். அதுவும் நம் ஊர்களில் வேரூன்றிய தொழில்.

ஆவடியில் 1961ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. ஊர் ஊராக மக்கள் வந்து குடியேறினார்கள். தந்தை லேத்தின் முன் நின்றார். தம் பிள்ளை நாற்காலியில் அமர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசைதான் டியூஷனை வளர்த்தது. இன்றும் மாலை ஐந்து மணிக்குமேல் நம் தெருக்களில் நடந்தால், எந்த வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் வரிசையாய்க் கிடக்கின்றனவோ, அது டியூஷன் நடக்கும் வீடு என்று எவரும் சொல்லாமலே தெரியும். பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆகவே பட்டம் பெற்றும் நிலையான வேலை கிட்டாத இளைஞர், பிள்ளைகளுக்காக வேலையை விட்ட தாய், ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஆகியோர்க்கே இது வாழ்வளிக்கிறது. இத்தொழில் வளர வேண்டும். அதில் இரு கருத்து இல்லை. ஆனால் அது எப்படி வளர வேண்டும் என்பதே நம் கேள்வி.

தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரத்திற்கு எண்ணெய் இடாமல், பழுது பாராமல், மூன்று ஷிப்டும் ஓட்டுகிற முதலாளியை நாம் கெட்டிக்காரர் என்போமா? டியூஷன் தொழிலில் பெஞ்சும் கரும்பலகையும் பெரிய மூலதனம் அல்ல. கற்பிப்பவரின் மனமே மூலதனம். அதை ஓயாமல் ஓட்டினால், வருமானம் கூடுவதுபோல் தோன்றும். உண்மையில் முதலையே தின்றுகொண்டிருப்போம்.

இது எப்படி நேர்கிறது? முதலில் பத்துப் பிள்ளைகள். நல்ல பெயர் வந்தவுடன் முப்பது. காலை ஐந்தரைக்கு ஒரு குழு, மாலையில் இரண்டு, இரவில் ஒன்று. வகுப்பு முடிந்ததும் கைப்பேசி. "மிஸ், என் மகன் ஏன் நாற்பது மதிப்பெண் வாங்கினான்?" என்று இரவு பத்தரைக்கு ஒரு தாய். கட்டணம் தராதவரிடம் கேட்கக் கூச்சம். கேட்காவிட்டால் வீட்டு வாடகைக்குத் தட்டுப்பாடு. தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளைகளைவிட இவர்களுக்கே அதிக நடுக்கம். இறுதியில் உறக்கம் கெடுகிறது. சொந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லப் பொறுமை இல்லாமல் போகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் இந்நிலையை 2019இல் தெளிவாக வரையறுத்தது. தீராத வேலை நெருக்கடியினால் வரும் இந்தச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: ஆற்றல் வற்றிப் போதல், செய்யும் வேலையின்மேல் வெறுப்பும் விலகலும், நம்மால் எதுவும் உருப்படியாகச் செய்ய இயலவில்லை என்னும் எண்ணம். இவற்றைச் சோம்பல் என்று இகழ வேண்டாம். விசுவாசக் குறைவு என்றும் பழிக்க வேண்டாம். இவை எச்சரிக்கை மணிகள்.

அளவின்றி வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானிலுள்ள கோட்டா நகரம் சான்று. அதுவும் நம் அம்பத்தூரைப் போல ஆலை நகரமாக இருந்ததே. அங்கு ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் பொறியாளராயிருந்த வினோத் குமார் பன்சல் தசைச் சிதைவு நோய்க்கு ஆளானார். மனம் தளராமல், 1980களின் தொடக்கத்தில், தம் வீட்டு மேசையைச் சுற்றிச் சில பிள்ளைகளை அமர்த்திக் கணிதம் கற்பித்தார். 1991இல் அது பன்சல் கிளாசஸ் ஆயிற்று. 2021இல் அவர் மறைந்தார். ஒரு மேசையில் தொடங்கிய அத்தொழில், ஆலை மூடப்பட்ட நகருக்கே சோறு போட்டது. போற்றத்தக்க முயற்சி!

ஆனால் நிலையங்கள் பெருகப் பெருக, போட்டியும் பெருகிற்று. பிள்ளைகள் மதிப்பெண் வரிசையில் வைக்கப்பட்ட எண்களாயினர். 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்நகரில் 25க்கு மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். தேர்வுகளை இரண்டு மாதம் நிறுத்திவைக்குமாறு மாவட்ட நிர்வாகமே உத்தரவிட நேர்ந்தது. களைத்த கூடத்தில் பிள்ளையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கற்பிப்பவரின் மனநலம் அவருடைய சொந்த விஷயம் மட்டும் அன்று என்று நாம் சொல்வது இதனால்தான்.

இதன்பின் 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி நிலையங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஐம்பது பேருக்குமேல் பயிலும் நிலையங்களுக்கானவை அவை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்குமேல் வகுப்பு கூடாது. வார ஓய்வு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் வேண்டும். ஓய்வு நாளுக்கு மறுநாள் தேர்வு வைக்கக் கூடாது. இன்ன மதிப்பெண் நிச்சயம் என்று பொய் வாக்குறுதி தரக் கூடாது. சிறிய அளவில் நடத்துவோரும் இவற்றைத் தாமே மேற்கொள்வது நல்லது.

இனி, நம்மவர்க்கு நாம் கூற விரும்பும் வழிகள் சில.

முதலாவது, துணை தேடுங்கள். மோயீசன் காலைமுதல் மாலைவரை தனியே அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்தபோது, அவருடைய மாமனார் அதைக் கண்டு, நீரும் களைத்துப் போவீர், மக்களும் களைத்துப் போவர் என எச்சரித்து, பொறுப்பைப் பகிர்ந்தளிக்கச் சொன்னதை நாம் அறிவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 600 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். மேலும் 15 பேர் வந்தால் 9,000 கூடுகிறது. அதில் 6,000 கொடுத்து, படித்த ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்தால் 3,000தான் மிஞ்சும். "இவ்வளவுதானா?" என்று எண்ண வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலைகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கின்றன. இன்னொரு வீட்டிலும் அடுப்பு எரிகிறது. நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் வகுப்பு நிற்காது. வளர்ச்சி என்பது இதுவே.

இரண்டாவது, வரவு செலவை எழுதுங்கள். மனக்கலக்கத்தில் பாதி, கணக்குத் தெரியாமையால் வருவது. மாதத் தொடக்கத்திலேயே கட்டணம் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். ஏழைப் பிள்ளைக்குச் சலுகை தரலாம். எத்தனை பேருக்கு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, கதவை அடைக்கும் நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டரைக்குமேல் தொலைபேசி இல்லை என்று பலகையில் எழுதுங்கள். ஞாயிறு ஓய்வு நாள். தேர்வுக் காலத்திலும் அது ஓய்வு நாளே.

நான்காவது, உதவி கேட்கத் தயங்காதீர்கள். சோர்வு இரண்டு வாரத்திற்குமேல் நீடித்தாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், உடனே பேசுங்கள். 14416 என்ற எண்ணில் 2022 முதல் அரசின் இலவச மனநல ஆலோசனை உண்டு; தமிழிலும் பேசலாம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் முன்னின்று தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் நம் அண்டையிலே, அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. பல் வலிக்கு மருத்துவரிடம் போகிறோமே, மன வலிக்குப் போவதில் என்ன வெட்கம்?

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. டியூஷன் ஆசிரியை உங்கள் பிள்ளையை வளர்க்கத் துணைசெய்பவர். மதிப்பெண் விற்கும் கடைக்காரர் அல்லர். கட்டணத்தைக் காலத்தோடு கொடுங்கள். இரவில் அழைக்காதீர்கள். பிள்ளை தேறினால் நன்றி சொல்லுங்கள். தவறினால் அவர்மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

தனித்தனி வீடுகளில் தனித்தனியே உழைப்பதால், இத்தொழில் செய்வோர் தம் பாரத்தைப் பகிர இடமின்றி இருக்கிறார்கள். ஆகவே மாதந்தோறும் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பங்கு மன்றத்தின் சிறிய அறை உங்களுக்காகத் திறந்திருக்கும். எம்மதத்தவரும் வரலாம். பாடம், கட்டணம், களைப்பு, கவலை எதையும் பேசலாம். தேநீர் பங்கின் செலவு. முதற்கூட்டத்திற்கு உங்கள் தெருவில் டியூஷன் நடத்தும் ஒருவரையாவது அழைத்து வாருங்கள்.