வைட்டமின் 'ஏ': கண்ணைத் தாண்டி ஒரு வேலை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முந்திப் பேசுகிறவன் சுருக்கமாகப் பேசணும் என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வைட்டமின் 'ஏ' என்றதும் கேரட்டும் கண்ணும்தான் ஞாபகம் வரும். மாலைக்கண் நோயைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். இந்த வைட்டமின் உடம்பில் மூன்று வடிவத்தில் இருக்கிறது. ஆல்கஹால் வடிவம் ரெட்டினோல், ஆல்டிஹைடு வடிவம் ரெட்டினால், ஆசிட் வடிவம் ரெட்டினாயிக் அமிலம். நம்ம கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே வரிசைதான். முதல் இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொள்ளும். ஆனால் அமிலமாகிவிட்டால் திரும்பி வர வழியில்லை.

கண்ணுக்கு வேண்டியது ரெட்டினால். இதை விளக்கிய ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் ஜான் டௌலிங்கும் 1960-இல் எலிகளுக்கு வைட்டமின் 'ஏ'வை நிறுத்திவிட்டு, ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன. பார்வை மட்டும் போய்விட்டது! அப்படியென்றால் கண்ணைத் தவிர மற்ற உடம்பையெல்லாம் பார்த்துக்கொள்வது இந்த அமிலம் என்றுதானே ஆகிறது?

எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதற்கு விடை 1987-இல் வந்தது. பிரான்சில் பியர் ஷாம்பான் குழுவும், கலிபோர்னியாவில் ரொனால்டு எவன்ஸ் குழுவும், தனித்தனியே இதற்கான ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். ரிசெப்டர் என்கிறோமே, அதுதான் ஏற்பி. இது செல்லின் வெளிச்சுவரில் இல்லை; உட்கருவுக்குள்ளே டி.என்.ஏ. மேலேயே இன்னொரு ஏற்பியோடு ஜோடி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆர்.ஏ.ஆர்., ஆர்.எக்ஸ்.ஆர். என்று அந்த ஜோடிக்குப் பேர். அமிலம் வராத வரைக்கும் இந்த ஜோடி சில தடுப்புப் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, பக்கத்து ஜீனைத் திறக்கவிடாது. அமில மூலக்கூறு உள்ளே வந்து பொருந்தியதும், ஏற்பியின் வால் பகுதி பெட்டிமூடி மாதிரி மடங்கி மூடுகிறது. தடுப்புக்காரர்கள் இறங்க, தூண்டும் புரதங்கள் வந்து ஏற, ஜீன் வேலையைத் தொடங்குகிறது. பூட்டும் சாவியும் என்று நம்ம புத்தகங்களில் போடுவார்கள். எனக்கு அந்த உவமை பாதிதான் திருப்தி. இங்கே சாவி நுழைந்ததும் பூட்டே உருவம் மாறிவிடுகிறதே!

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஏ.பி.எல். என்று ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அதில் இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால், ஆர்.ஏ.ஆர். ஏற்பி வேறொரு புரதத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. இந்த ஒட்டு ஏற்பி தடுப்புப் புரதங்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது. உடம்பில் சாதாரணமாக இருக்கும் அமிலத்துக்கு அசையாது. வெள்ளணுக்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்று பெருகுகின்றன. ஷாங்காயில் வாங் ஜென்யீயும் அவர் குழுவினரும் நோயாளிகளுக்கு இதே அமிலத்தை மாத்திரையாக, அதிக அளவில் கொடுத்தார்கள். 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். அத்தனை பேருக்கும் நோய் அடங்கியது. செல்லை விஷம் வைத்துக் கொல்லவில்லை, பாருங்க, வளரவிட்டார்கள். வளர்ந்த செல் தன் ஆயுள் முடிந்து தானே போய்விட்டது. இன்று ஆர்சனிக் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

நம்ம பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1990-இல் வெளியானது. வாராவாரம் சிறிதளவு வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த பெரிய ஆய்வுகளில் பலன் இவ்வளவு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி தம்பி தங்கைகளுக்கு. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்று ஒரு காப்ஸ்யூல் இருக்கிறது. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்றது. கடுமையான பருவுக்கு அருமையான மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உடம்புக்குள் போய் நான் சொன்ன அதே அமிலமாக மாறுகிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கு எங்கே மூளை, எங்கே இதயம், எங்கே காது என்று சொல்லும் ஜீன்களில் பலவற்றைத் திறப்பதும் இந்த அமிலம்தான். அங்கே அளவு கூடினால் காது, முகம், இதயம், மூளை எல்லாமே கோணலாக உருவாகலாம். மருந்து வந்த சில வருஷங்களிலேயே அப்படிக் குழந்தைகள் பிறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே ஹாஸ்டலில் ஒருத்தி சாப்பிட்டு முகம் பளிச்சென்று ஆனது என்பதற்காக அவளிடம் நாலு வாங்கிப் போட்டுக்கொள்வதோ, சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்குவதோ வேண்டவே வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சாப்பிடணும். கல்யாணமான பெண்கள் சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கரு தங்கக் கூடாது. சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் என்ற உறவுக்கார மருந்துக்கோ மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

பையன்களுக்கும் ஒன்று. நம்ம என்.எஸ்.எஸ். முகாமில் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறீர்களே, பருவுக்கு இந்தக் காப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு ஒதுங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகு கொடுக்கலாம். உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.