பொன் போன வழியும் உப்பு வந்த வழியும்

   

ஆண்டுவிழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டபோது யாம் பெரிதும் தயங்கினோம். இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கின்றார்கள். இசை பாட நம் வீட்டுப் பெண்மணிகள் இருக்கின்றார்கள். புகைவண்டி நிலையத்தில் சரக்கு ரசீது எழுதும் ஓர் எழுத்தருக்கு மேடையில் என்ன வேலை? எம் படிப்பும் பத்தாம் வகுப்புத் தேறியதோடு நின்றது. “தெரிந்ததைப் பேசுங்கள், போதும்” என்றார் செயலாளர். எமக்குத் தெரிந்தது ஒன்றே. எந்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போகின்றது, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதே அது. அதையே இன்று பேசத் துணிந்தோம்.

இத்தலைப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுகின்றோம். சென்ற மாதம் பேத்தமங்களா கடைத்தெருவில், எமக்கு அண்ணன் முறையாகும் ஒருவருடைய மகனைச் சந்தித்தோம். வயது பத்தொன்பது. ஐ.டி.ஐ.யில் சேர அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. சேர்ந்துவிட்டாயா என்று கேட்டோம். “இல்லை சித்தப்பா, தங்கம் இந்த விலை விற்கிறதே, மைனைத் திறந்துவிடுவார்கள், அதுவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று அப்பா சொல்கிறார்” என்றான். அவன் தந்தையின் இசைவு பெற்றே இதனை இங்கே கூறுகின்றோம். அவர் மேல் குற்றமில்லை. தங்கவயல் மண்ணில் பிறந்த எவருக்கும் வரக்கூடிய எண்ணந்தான் அது. எமக்கும் பல ஆண்டுகள் அவ்வெண்ணம் இருந்தது. ஆயினும் ஓர் ஊர் எதனால் வளர்கின்றது, எதனால் தேய்கின்றது என்பதை இன்று அறிஞர்கள் வெறும் ஊகத்தால் சொல்வதில்லை. பழைய கணக்கேடுகளைப் புரட்டி, எண்களை ஒப்பிட்டு, மெய்தானா என்று சோதித்துச் சொல்கின்றார்கள். பெங்களூரில் பொருளாதாரம் பயிலும் எம் நண்பர் மகன் ஒருவன் அவற்றுள் சிலவற்றை விடுமுறை நாட்களில் எமக்குப் பொறுமையாக விளக்கினான். அவற்றை நம் ஊரோடு பொருத்திப் பார்ப்பதே எம் நோக்கம்.

முதலில் உப்பை எடுத்துக்கொள்வோம்.

டேவ் டொனால்ட்சன் என்ற பொருளாதார அறிஞர், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டில் போடப்பட்ட இருப்புப்பாதைகளால் மக்களுக்கு உண்மையில் நன்மை விளைந்ததா என்று ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முதன்மையான பொருளாதார இதழில் வெளிவந்தது. ஒரு சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்ல அக்காலத்தில் உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டிச்சத்தம் எவ்வளவு, சுங்கம் எவ்வளவு, வழியில் கொள்ளை போனது எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் உப்பைப் பிடித்தார். உப்பு எங்கும் விளைவதன்று. சாம்பார் ஏரியில் விளையும். கடற்கரை அளங்களில் விளையும். வங்காளத்தார் உண்டதோ இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த லிவர்பூல் உப்பு. விளைவது சில இடங்களில். உண்பதோ எல்லா இடங்களிலும். ஆகவே உப்பளத்தில் ஒரு விலையும், ஐந்நூறு மைலுக்கு அப்பாலுள்ள சந்தையில் வேறொரு விலையும் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வழிச்செலவு. இதைக் கேட்டபோது எமக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. எங்கள் கட்டண அட்டவணையை ஒரு பேராசிரியர் உப்புப் பானைக்குள்ளிருந்து படித்துவிட்டாரே!

மாட்டு வண்டி ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் போனால் அதிகம். புகைவண்டியோ ஒரு நாளில் 600 கிலோமீட்டர் வரை செல்ல வல்லது. பாதை வந்ததும் வழிச்செலவு குறைந்தது. சந்தைகளின் விலை வேறுபாடு சுருங்கியது. இருப்புப்பாதை எட்டிய மாவட்டங்களில் வேளாண்மையால் வரும் மெய்யான வருமானம் ஏறத்தாழ நூற்றுக்கு 16 பங்கு உயர்ந்தது என்று அவர் கணக்கிட்டார்.

இங்கே நம் பெரியவர் ஒருவர், “செழிக்கப் போகும் ஊராகப் பார்த்துத்தானே பாதை போட்டிருப்பான்? ஊர் செழித்ததற்குப் பாதை எப்படிக் காரணமாகும்?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கும் அவர் விடை தேடியிருக்கின்றார். திட்டமிட்டு, அளந்து, வரைபடத்திற் குறித்து, பின்னர் ஏதோ காரணத்தாற் போடாமல் விட்ட பாதைகள் பல உண்டு. அப்பாதைகள் சென்றிருக்க வேண்டிய மாவட்டங்களைத் தனியே எடுத்துப் பார்த்தார். அங்கே அத்தகைய உயர்வு காணப்படவில்லை. எங்கள் அலுவலகத்தில் பேரேட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்ப்போமே, அதைப் போன்ற வேலை இது. இத்தகைய சரிபார்ப்பு இல்லாத பொருளாதாரப் பேச்சு திண்ணைப் பேச்சே ஆகும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853இல் முதல் பயணி வண்டி ஓடிற்று. நம் தென்னாட்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு 1856இல் ஓடிற்று. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு 1864இல் பாதை வந்தது. அவ்வழியில் அன்று பௌரிங்பேட்டை என்று பெயர் பெற்றிருந்த பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்குக் கிளைப்பாதை 1894இல் வந்தது. பத்து மைல்தான். ஆனால் அப்பத்து மைலுக்காகச் சுரங்கங்கள் எவ்வளவு காத்திருந்தன! ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் இங்கே வந்தார்கள். 1883இல் சாம்பியன் பொன்ரேகையைக் கண்டார்கள். கிளைப்பாதை வரும்வரை கடைசிப் பத்து மைலும் மாட்டு வண்டிதான்.

பொன்னை வெளியே அனுப்பவே பாதை போட்டார்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் நினைக்கின்றார்கள். சரக்கு எழுதும் யாம் அதை ஒப்பமாட்டோம். பொன் உப்பைப் போன்றதன்று. ஒரு மாதத்துப் பொன்னை ஒரு பெட்டி காவலோடு கொண்டு போய்விடலாம். அதன் விலையோடு ஒப்பிட்டால் வழிச்செலவு ஒன்றுமே இல்லை. பொன்னை எடுப்பதற்கு உள்ளே வரவேண்டியவை இருந்தனவே, நிலக்கரி, முட்டுக்கொடுக்கும் மரம், வெடிமருந்து, இயந்திரம், அரிசி, பருப்பு, அவற்றுக்காகவே பாதை வேண்டியிருந்தது. சரக்கு வண்டி வரும்போது நிறையும், போகும்போது வெறுமையுமாக இருப்பதுதான் ஒரு சுரங்க ஊரின் அடையாளம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் பாட்டன்மார் வந்ததும், உள்ளே வரவேண்டியவற்றுள் ஒன்றாகத்தான்.

வழிச்செலவு இல்லாத சரக்குக்கு ஒரு துன்பம் உண்டு. அதன் விலை உலகெங்கும் ஒன்றே. விற்பவனுக்கு அதில் சொல்லே கிடையாது. பொன் நாணயத் திட்டம் நடந்த காலத்தில் லண்டனில் ஓர் அவுன்ஸ் சுத்தப் பொன் ஏறத்தாழ 85 ஷில்லிங். ஆழம் கூடினாலும், கூலி கூடினாலும், மண்ணில் பொன் குறைந்தாலும் அதே 85 ஷில்லிங். 1931 செப்டம்பரில் பிரிட்டன் அத்திட்டத்தைக் கைவிட்டதும் விலை ஏறியது. 1934 ஜனவரியில் அமெரிக்கா 20 டாலர் 67 செண்ட் என்றிருந்த விலையை 35 டாலர் ஆக்கியது. உரிகத்திலும் மாரிகுப்பத்திலும் லைன் வீடுகளில் இருந்தவர்கள் ஒரு பாறை கூட அதிகமாக உடைக்காமல், எங்கோ வாஷிங்டனில் இட்ட ஒரு கையெழுத்தால் நம் சுரங்கத்தின் வருமானம் மாறியது! 1971 ஆகஸ்டில் அந்தக் கட்டும் அவிழ்ந்தது. 1980 ஜனவரியில் விலை 850 டாலருக்குப் பறந்தது. 1999இல் 260 டாலருக்கும் கீழே விழுந்தது. மைசூர் அரசு 1956இல் ஏற்று, மத்திய அரசு 1962இல் பெற்று, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக நடந்த நம் சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அன்றைய விலை 270 டாலருக்கும் குறைவு. 2011இல் அது 1800 டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 4000 டாலரையும் தாண்டிற்று.

இதைக் கேட்கும் எவர் வயிறும் எரியும். எம் தந்தையார் சாம்பியன் சுரங்கத்தில் இறங்கியவர், எமக்கும் எரிந்தது. ஆயினும் கணக்கை முழுவதும் பார்க்க வேண்டும். விலை ஒரு பக்கம். செலவு மறு பக்கம். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அங்கே பாறையே கொதிக்கும். குளிர்காற்றை இறக்க வேண்டும். ‘ஏர்பிளாஸ்ட்’ என்று நம்மவர் அஞ்சிய பாறை வெடிப்பு வேறு. ஒரு டன் பாறையில் கிடைத்த பொன்னோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. மூடிய பின் நீர் இறைக்கும் பொறிகள் நின்றன. சுரங்கங்களில் நீர் நிறைந்தது. விலை ஏறியதனால் மட்டும் அந்த நீர் வற்றிவிடாது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 13 சயனைட் மேடுகளில் மிஞ்சியுள்ள பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்கு இசைவு அளித்தது. நடந்தால் மகிழ்ச்சியே. ஆனால் அது மேட்டு மண்ணை இயந்திரத்தால் அள்ளிக் கழுவும் வேலை. நம் பாட்டன் காலத்தைப் போல ஆயிரக்கணக்கான கைகளை அது கேட்காது என்பது எம் கருத்து.

அப்படியானால் சுரங்கத்தால் ஊருக்கு நன்மையே இல்லையா? உண்டு, அது எவ்வழியாக வந்தது என்பதையும் ஆராய்ந்திருக்கின்றார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில், மலைமேல், யனகோச்சா என்ற பெரும் பொன்சுரங்கம் இருக்கின்றது. அரகோன், ரூட் என்ற இருவர் அதனைச் சுற்றியுள்ள குடும்பங்களின் வருமானத்தை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். சுரங்கம் உள்ளூரில் ஆள் எடுப்பதும் பண்டம் வாங்குவதும் நூற்றுக்கு 10 பங்கு கூடினால், அக்கம்பக்கத்தார் மெய்வருமானம் நூற்றுக்கு 1.7 பங்கு கூடுகின்றது என்று கண்டார்கள். சுரங்கத்திலிருந்து அரசுக்குப் போய்த் திரும்பிவந்த வரிப்பணத்தால் அத்தகைய பயன் தெரியவில்லையாம். உள்ளூரில் என்ன வாங்கினான் என்பதே கேள்வி!

நம் தங்கவயலில் இயந்திரம் சீமையிலிருந்து வந்தது. மேலாளர் சீமையிலிருந்து வந்தார். இலாபம் சீமைக்குச் சென்றது. மைசூர் அரசுக்கு நூற்றுக்கு 5 பங்கு உரிமைத்தொகை கிடைத்தது. இங்கே வாங்கியவை மரம், காய்கறி, தானியம், மக்கள் உழைப்பு. பேத்தமங்களா கொடுத்தது தண்ணீர். நம் பாலாற்று ஏரியின் நீர் குழாய் வழியே ஏறிச் சென்றுதான் தங்கவயலின் தாகம் தீர்ந்தது.

சுரங்கத்தை நம்பி வந்தவற்றுள் ஒன்று மட்டும் சுரங்கத்தோடு சாகவில்லை. அது மின்சாரம். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய சிவசமுத்திரத் திட்டத்தால், காவிரி அருவியிலிருந்து 92 மைல் கம்பி இழுத்து, 1902இல் மின்விசையைத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்குவதற்கு நம் சுரங்கம் இருந்ததனாலேயே அத்துணைப் பெரிய செலவுக்குத் துணிந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1905இல், அதே விசையால் பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது. பின்னர் அந்நகரில் விமானத் தொழிலும், தொலைபேசித் தொழிலும், கைக்கடிகாரத் தொழிலும் வந்தன. பொன் லண்டனுக்குப் போனது. பொன்னுக்காக வந்த விசையோ பெங்களூரில் தங்கியது.

ராபர்ட் சோலோ என்ற அமெரிக்க அறிஞர் 1957இல் ஒரு கணக்குப் போட்டார். 1909 முதல் 1949 வரை அந்நாட்டில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஆக்கும் பொருள் இரண்டு மடங்காயிற்று. அவ்வுயர்வில் எட்டில் ஒரு பங்கே இயந்திரமும் முதலும் கூடியதனால் வந்தது; எஞ்சிய ஏழு பங்கும் தொழில்நுட்ப முன்னேற்றத்தால் வந்தது என்றார். அவ்வேழு பங்கையும் கல்வி என்று அவர் சொல்லவில்லை. அளக்க முடியாத யாவும் அந்தப் பையில் விழுந்துவிட்டன. இருந்தாலும் தரையின் கீழ் என்ன கிடக்கின்றது என்பதைவிட, தரையின் மேல் நிற்பவனுக்கு என்ன தெரியும் என்பது பெரிது என்ற அளவிலேனும் அக்கணக்கை ஏற்கலாம்.

காலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் வண்டியைப் பார்த்திருக்கின்றீர்களா? விடியுமுன்னே சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறுகின்றார்கள். தையற்கூடத்துக்குப் போகும் பெண்கள், பட்டறைக்குப் போகும் ஆண்கள், கல்லூரிப் பிள்ளைகள். பங்காரப்பேட்டை வருவதற்குள் உட்கார இடமிராது. பெங்களூருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இரவு திரும்பும்போது பாதிப்பேர் உறங்கிவிடுகின்றார்கள். ஊர் வந்ததும் பக்கத்திலிருப்பவர் தட்டி எழுப்புவார். இத்துன்பத்தை எந்த ஆராய்ச்சியும் வருமானக் கணக்கில் கழிக்கவில்லை என்பது எமக்கு ஒரு குறையே. ஆனால் 1894இல் நிறைந்து வந்து வெறுமையாய்த் திரும்பிய அந்தப் பத்து மைல் பாதையில், இன்று நிறைந்து போவது சரக்கன்று, நம் பிள்ளைகள்.

அண்ணன் மகன் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கின்றது. இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவன் தந்தையிடம் கொடுத்திருக்கின்றோம். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கின்றார்.