காணாமல் போனவளைத் தேடும் பாட்டு

(பண்பாட்டு அரங்கம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் ஒரு பகுதி)



பஞ்சாபியக் கவிஞர் சிவ் குமார் பட்டாலவியின் ஒரு கவிதைக்கு ‘இஷ்திஹார்’ என்று பெயர். அறிவிப்பு என்பது பொருள். காணாமல் போன ஒரு பெண்ணின் அங்க அடையாளங்களைச் சொல்லித் தேடும் பாட்டு அது. எழுதியவர் கருதியது காதலை. 1967இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அக்கவிஞரையும் குடி விட்டுவைக்கவில்லை. ஈரல் கெட்டு 1973இல், 36 வயதில் மறைந்தார்.

2016இல் வெளிவந்த ‘உட்தா பஞ்சாப்’ இந்தித் திரைப்படம் அந்தப் பாட்டுக்கு வேறொரு பொருள் தந்தது. பீகாரிலிருந்து வந்து பஞ்சாப் வயலில் கூலி வேலை செய்யும் ஒரு பெண். முன்பு ஹாக்கி ஆடியவள். எல்லைக்கு அப்பாலிருந்து வீசப்பட்ட ஹெராயின் பொட்டலம் அவள் கைக்குக் கிடைக்கிறது. விற்றுக் கரையேறலாம் என்று எண்ணியவளைக் கும்பல் அடைத்துவைத்து, ஊசியேற்றிச் சீரழிக்கிறது. படத்தின் பெரும்பகுதியில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. தேடப்பட வேண்டியவள் யார் என்பதைப் பாட்டு அப்போது சொல்லிவிடுகிறது.

அதே படத்தில் ‘சிட்டா’ எனும் வெள்ளைத்தூளைக் கொண்டாடிப் பாடும் பாடகன் ஒருவனும் வருகிறான். சிறையில் அவனைச் சூழும் ரசிகர்களில், போதைக்குப் பணம் தராத தாயைக் கொன்றவர்களும் உண்டு. தன் பாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அவன் அங்கேதான் காண்கிறான்.

போதையையும் வன்முறையையும் புகழும் பாடல்கள் மேடைகளில் ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் 2019இல் காவல்துறைக்கு உத்தரவிட்டது. நல்லதே. ஆனால் அறுவடைக் காலத்தில் கூலித் தொழிலாளி கூடுதல் நேரம் குனிந்து உழைக்கட்டும் என்று கசகசாத் தோலை (அங்கே ‘புக்கி’ என்பார்கள்) பண்ணையாரே கொடுத்து வந்த வழக்கம் எந்தப் பாட்டினாலும் வந்ததன்று. உழைப்பைப் பிழிந்தெடுக்கும் கருவியாகவும் போதை இருந்திருக்கிறது.

கலைக்குழுக்களின் போதை எதிர்ப்புப் பாடல்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் அடிமையானவன் பெரும்பாலும் தள்ளாடும் கோமாளி, கூட்டம் சிரிக்கிறது. அந்தக் கூட்டத்தில் அத்தகைய மகனைப் பெற்ற தாயும் நிற்கக்கூடும். அவர் வீடு திரும்பி மகனை மேலும் மறைத்துவைப்பார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 64ஏ-யின்படி, தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமையானவருக்கு, உட்கொண்டது, சிறிதளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. அந்தச் செய்தியை அந்தத் தாயின் காதுக்குக் கொண்டுசெல்லும் பாட்டு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.