மின்னழுத்தம் அறிவோம்

(கூக்கால் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

“எங்கள் தெருவில் கரண்ட் குறைவு” என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். மாலை நேரத்தில் ஊர் நடுவே விளக்குகள் பளிச்சென்று எரியும்போது, கம்ப வரிசையின் கடைசியிலுள்ள வீடுகளில் அவை மங்கி எரிவதைத்தான் அவ்வாறு குறிப்பிடுகிறோம். அங்கே உண்மையில் குறைந்திருப்பது எது? அதனை அறிந்து கேட்பவனுக்கும் அறியாமல் கேட்பவனுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆகவே இன்று அதனை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் மலையின் படிக்கட்டு வயல்களை எண்ணிப் பாருங்கள். மேலேயுள்ள ஓடையில் குழாயைச் செருகிக் கீழே உள்ள பாத்திக்கு நீர் கொண்டுவருகிறோம். மோட்டார் இல்லாமலே நீர் பாய்கிறது. பாயச் செய்வது உயர வேறுபாடு. குழாயின் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால், உள்ளே நீர் நிறைந்திருந்தும் ஓடாது. மின்சாரமும் இத்தகையதே. ஓடுவது மின்னோட்டம், அதனை ஆம்பியரில் அளக்கிறோம். ஓடச் செய்வது இரு இடங்களுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடு; அதனை வோல்ட்டில் அளக்கிறோம். ஓட்டத்தைத் தடுப்பது மின்தடை. அதன் அலகு ஓம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். இதுவே ஓம் விதி.

டார்ச் விளக்கில் இரண்டு பாட்டரிக் கட்டைகளைப் போடுகிறோம். ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். ஒரே திசையில் வைத்தால் 3 வோல்ட், விளக்கு எரியும். ஒன்றைத் திருப்பி வைத்தால் ஒன்றையொன்று ஈடுசெய்து வேறுபாடு இல்லாமற் போகும், விளக்கு எரியாது. கட்டைகள் இரண்டும் நல்லவைதாம், ஆயினும் பயனில்லை.

திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் செட்டையும் பாருங்கள். 230 வோல்ட்டில் 46 சிறு பல்புகளைத் தொடராக இணைத்தால், ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட் பங்காகக் கிடைக்கும். வீட்டு விளக்குகளோ பக்க இணைப்பில் உள்ளவை. அதனால் ஒவ்வொன்றும் முழு மின்னழுத்தத்தையும் பெறுகிறது.

இனி, தெருக்கோடி வீட்டுக்கு வருவோம். மின்மாற்றியிலிருந்து அவ்வீடு வரை போய்வரும் கம்பிக்கும் தடை உண்டு. அது 2 ஓம் என்று கொள்வோம். மாலையில் எல்லா வீடுகளும் சேர்ந்து 15 ஆம்பியர் எடுத்தால், 2 × 15 = 30 வோல்ட் கம்பியிலேயே கழிந்துவிடும். 230 வோல்ட் புறப்பட்டாலும் கடைசி வீட்டுக்கு 200 வோல்ட்தான் வந்து சேரும். பழைய இழை பல்பு அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆற்றலையே பெறும். நள்ளிரவில் மற்றவர்கள் விளக்கை அணைத்தபின் அதே பல்பு பிரகாசிப்பதன் காரணமும் இதுவே.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டு மின்னழுத்தம் அறிவித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் மாறலாகாது என்று வரையறுத்தன. 230இல் அது ஏறத்தாழ 14 வோல்ட். ஆகவே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பகலிலும் மாலையிலும் அளந்து குறித்து வையுங்கள். மின்மாற்றியருகே 230 இருந்து நம் வீட்டில் 200 இருந்தால் குறை கம்பியில் உள்ளது; தடித்த கம்பியோ, அருகில் மற்றொரு மின்மாற்றியோ கேட்க வேண்டும். மின்மாற்றியிலேயே குறைந்திருந்தால் குறை அதற்கு மேலே உள்ளது. “வெளிச்சம் போதவில்லை” என்னும் மனுவை எளிதில் ஒதுக்கிவிடலாம். நாளும் நேரமும் வோல்ட் அளவும் எழுதிய மனுவுக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும்.

இந்த அறிவு உயிரையும் காக்கும். கம்பிமேல் அமர்ந்த குருவியின் இரு கால்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு மிகமிகச் சிறிது. அதனால் அதற்குத் தீங்கில்லை. மண்ணில் நிற்கும் மனிதன் அதே கம்பியைத் தொட்டால் கம்பிக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அவன் உடலில் விழுகிறது. ஈரக்கையில் தோலின் தடையும் குறைந்துவிடும். மழையும் பனிமூட்டமும் மிகுந்த நம் மலையில் அறுந்து விழுந்த கம்பியை எவரும் நெருங்கலாகாது. முறையாகப் பயிலாமல், கூலிக்காகக் கம்பத்தில் ஏறவும் கூடாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகள் உள்ளன. பயின்று சான்றிதழ் பெற்று ஏறுங்கள்.

இளைஞர்களே, இக்கல்வி நமக்கு எட்டாதது என்று எண்ண வேண்டாம். 1827இல் தம் விதியை நூலாக வெளியிட்ட ஓம், ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன், பள்ளி ஆசிரியர். உரிய மதிப்பு அவருக்குத் தாமதமாகவே கிட்டியது. 1841இல்தான் இலண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் அளித்தது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, மின்சாரமும் நீர்ப்பாசனமும் அத்துறையின் பொறுப்பிலேயே இருந்தன. மின்சாரமின்றித் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை நீங்காது என்பதை அவர் அன்றே வலியுறுத்தினார். அவர் வழிவந்த நாம் மின்சாரத்தைப் பயன்படுத்துவோராக மட்டும் நின்றுவிடலாகாது. அதனை அறிந்தோராகவும் ஆளுவோராகவும் ஆதல் வேண்டும்.