வீட்டுக் கணினியும் பாடசாலை வேலியும்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



பாடசாலைக் கணினியின் முன் அமர்ந்து வீட்டிலுள்ள எமது கணினியைத் திறக்கலாமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது இயந்திர நுட்பம் அறிந்தார்க்கு மட்டும் உரிய பேச்சென்று பெரியோர் எண்ணிவிட வேண்டாம். இரவிரவாக இருந்து எழுதிய ஒப்படை வீட்டுக் கணினியிலே கிடக்கிறது. கையளிக்க வேண்டிய நாளோ இன்று. மாணவன் இருப்பது பாடசாலையில். அங்குள்ள கணினி அனுமதித்த சில பக்கங்களை அன்றி வேறெதனையும் காட்டாது. புதிய மென்பொருளையும் ஏற்காது. இந்நிலையில் அவன் செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது என்னும் கேள்வியிலே அவனது நேர்மையும் அவன் குடும்பத்தின் பாதுகாப்பும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

முதலில் ஓர் உண்மையை மனங்கொள்வோம். ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக் கணினியை இயக்கும் ஆசை இக்காலப் பிள்ளைகளின் குறும்பிலே பிறந்ததன்று. இணையத்தின் முன்னோடியான வலையமைப்பிலே நிகழ்ந்த முதற் செயலே அதுதான். 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் சார்ளி கிளைன் என்னும் மாணவர், பல நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக் கணினியினுள் நுழைய முயன்றார். உட்புகுதலைக் குறிக்கும் 'லொகின்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்தெழுத்துக்களில் இரண்டே போய்ச் சேர்ந்தன. அதற்குள் அப்பாலிருந்த கணினி செயலற்று நின்றது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் முயற்சி கைகூடிற்று. அன்று மறுமுனையில் இருந்தவர், ஒவ்வோர் எழுத்தும் வந்து சேர்ந்ததைத் தொலைபேசியிலே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. நுழைபவரும் அறிவார், இடங்கொடுப்பவரும் அறிவார். இந்த உடன்பாடே எமது பேச்சுக்கு அடிப்படை.

பின்னர் ரெல்நெற் என்னும் முறை பரவியது. அதிலே கடவுச்சொல் எவ்வித மறைப்புமின்றி வெறும் எழுத்தாகவே சென்றபடியால், வழியிலிருந்து ஒற்றுப் பார்ப்பவர் அதனை வாசித்துவிடலாம். 1995ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இவ்வாறு கடவுச்சொற்கள் களவுபோகவே, அங்கிருந்த தாத்து யூலோனென் என்பவர் யாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையை ஆக்கியளித்தார். அதே பத்தாண்டில், எழுத்தோடு நில்லாது திரை முழுவதையுமே படமாகக் கொண்டுவரும் வி.என்.சி. முறை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஆய்வுகூடமொன்றில் உருவாயிற்று. இன்று வழக்கிலுள்ள இத்தகைய சேவைகளின் வேலையும் இதுவே: வீட்டுத் திரையின் படம் இங்கே வரும், இங்கே அழுத்தும் விசை அங்கே போகும்.

பாடசாலை இவ்வழியை அடைப்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பாடசாலை வடிகட்டி, போகும் தளத்தின் பெயரைப் பார்த்தே விடுவதும் தடுப்பதும். வீட்டுக் கணினி எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாடசாலைக்கு வருவது மறைகுறியிட்ட ஒரு படமாகையால், வடிகட்டி கண்கட்டிய காவற்காரன் ஆகிவிடுகிறது. அமெரிக்காவிலே, இணையக் கட்டணத்துக்கு மத்திய அரசின் கழிவு பெறும் பாடசாலைகள் தீய படங்களைத் தடுக்கும் ஏற்பாட்டை வைத்தே ஆகவேண்டும் என 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. எந்நாட்டிலாயினும், பிறர் பிள்ளைகளைப் பொறுப்பேற்ற நிலையம் தன் வேலியைக் காக்கவே செய்யும்.

வீட்டுப் பக்கமும் திறந்த வளவன்று. வீட்டிலுள்ள றவுட்டர், உள்ளிருக்கும் கணினிகள் யாவற்றையும் ஒரே முகவரியின் பின் மறைத்து, அழையாது வருபவரைப் படலையிலேயே நிறுத்திவிடும். ஆகவே இக்காலச் சேவைகள் நடுவே ஒரு நிலையத்தை வைத்திருக்கின்றன. வீட்டுக் கணினி தானே அந்நிலையத்தோடு தொடர்புகொண்டு காத்திருக்கும். மாணவன் உலாவி மூலம் அதே நிலையத்துக்குச் செல்வான். நிலையம் இருவரையும் இணைத்துவிடும். இதற்கு வீட்டுக் கணினி நாள் முழுதும் விழித்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் வழியும் நின்றது.

தடையைக் கண்ட இளைஞர் சிலர் வேலியிலே பொட்டுத் தேடப் புறப்படுகின்றனர். யார் நடத்துவதென்று அறியாத இடைத்தளங்களை நாடுகின்றனர். பென்ட்றைவில் மென்பொருளைக் கொண்டுவந்து களவாக இயக்குகின்றனர். "எமது வீட்டுக்கு நாமே போகிறோம்; யாருடைய பொருளைத் திருடினோம்?" என்றுங் கேட்கின்றனர். கேள்வியிலே நியாயம் அறவே இல்லையென்று சொல்லமாட்டோம். போய்ச் சேரும் வீடு எமதே. ஆயின், புறப்படும் இடம் எமதன்று. எமது நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணினியொன்றை அணுகுவதைக் குற்றமாகக் கொள்கிறது. பாடசாலைக் கணினியிலே எமக்குள்ள அதிகாரம் பாடசாலை தந்த அளவே. பொட்டு எவ்வளவு சிறிதாயினும், அதை வெட்டியவர் பின்னே யார் யார் நுழைவாரென்று சொல்ல முடியாது.

சட்டத்தை விடுவோம். எமது நன்மையையே எண்ணிப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஓர் இளைஞன் நீதிமன்றத்திலே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பொதுமக்கள் காசு கொடுத்துப் பாவிக்கும் கடைக் கணினிகளில், அழுத்தும் விசைகளையெல்லாம் பதிந்துகொள்ளும் மென்பொருளை இரகசியமாக இட்டு, 450இற்கு மேற்பட்ட பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் அவன் சேர்த்திருந்தான். அத்தகைய கணினியொன்றிலிருந்து தம் வீட்டுக் கணினியைத் திறந்திருந்த ஒருவர், பின்னொரு நாள் வீட்டில் இருக்கையில், தம் கணினி தானாக இயங்கத் தொடங்குவதையும், கை படாமலே திரையிற் குறிமுள் அசைவதையும் கண்டார். திறப்பு அந்நியன் கைக்குப் போய்விட்டது! வழி முழுவதும் மறைகுறியிட்டிருந்தாலும், புறப்படும் கணினியே ஒற்றனாயின் அம்மறைப்பினாற் பயனில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான் அது. வீட்டுக் கணினியிலோ எமது ஒப்படை மட்டுமா இருக்கிறது? தந்தையாரின் வங்கிக் கணக்கு, தாயாரின் கடிதங்கள், தங்கையின் படங்கள் யாவும் அங்கேயே இருக்கின்றன. ஓர் ஒப்படைக்காக முழு வீட்டின் திறப்பையும் பலர் பாவிக்கும் மேசையிலே வைத்துவிடலாமா?

இளைஞர்காள்! செய்யத்தக்கவை இவை. வேண்டிய கோப்பை மட்டும் முதல் நாளிரவே இணையக் களஞ்சியமொன்றில் இட்டு, அல்லது ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கணினியையே இயக்கவேண்டிய தேவை உண்மையாக இருப்பின், உதாரணமாகப் பாடசாலையில் இல்லாத மென்பொருளிற் செய்த வேலையாயின், ஆசிரியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால், வீட்டாருடைய கோப்புகளைத் தொடமுடியாத தனிக் கணக்கொன்றை வீட்டுக் கணினியில் அமைத்து, அதனையே திறவுங்கள். கடவுச்சொல்லோடு இரண்டாம் உறுதிப்பாட்டையும் வையுங்கள். கைத்தொலைபேசிக்குத் தடையுள்ள பாடசாலையாயின், ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் குறியீடுகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோகலாம். முடிந்ததும் வெளியேறுங்கள், கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் அச்சொல்லை மாற்றிவிடுதல் இன்னும் நன்று.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வழி கேட்டு வரும் பிள்ளையைக் கள்வனைப் போல நோக்காதீர்கள். கேட்டவனுக்கு ஏச்சும் கேளாது பொட்டு வெட்டியவனுக்கு வசதியும் கிடைக்குமாயின், அடுத்த முறை கேட்பார் எவருமிரார். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி வகுப்புகள் மூடப்பட்ட வேளை, பல நாடுகளிற் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வுகூடக் கணினிகளை மாணாக்கர் வீட்டிலிருந்தே இயக்க வழி செய்தன. எதிர்த்திசையிலே திறந்த வாயில் அது. நிறுவனம் மனம் வைத்தால், காவலும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடும் என்பதற்கு அதுவே சான்று. கோப்புகளைக் கொண்டுவர அனுமதித்த ஒரு களஞ்சியமும், தேவையைச் சொல்லக்கூடிய ஓர் ஆசிரியரும் இருந்துவிட்டால், பொட்டுத் தேடும் வேலை பெரும்பாலும் ஒழிந்துபோம்.

அன்று லொஸ் ஏஞ்செல்ஸில் விசையை அழுத்திய மாணவருக்கு மறுமுனையில் ஒருவர் விடைசொல்லக் காத்திருந்தார். எமது பிள்ளைகளுக்கும் அவ்வாறு விடைசொல்லும் பெரியோர் வேண்டும். கேட்டு நுழையும் துணிவு பிள்ளைகளுக்கும் வேண்டும். இவ்விரண்டையும் இச்சங்கத்தார் தத்தம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் வளர்ப்பார்களாக எனக் கூறி அமைகின்றோம்.