தண்டனை வேறு, நட்ட ஈடு வேறு

(ஜொகூர்த் தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)



சாலை விபத்தில் நம்மவர் ஒருவர் மாண்டபின், வண்டியோட்டி குற்றவாளியல்லர் என விடுதலையானால், "இனி நமக்கு என்ன வழி?" எனக் குடும்பத்தார் மனமொடிந்து விடுகின்றனர். வேறு சிலரோ, அவ்வழக்கு முடியட்டும் எனக் காத்திருக்கின்றனர். இரண்டும் தவறு என்பதை இன்று விளக்க விரும்புகிறோம்.

2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை, ஜொகூர் பாருவில் சைக்கிளோட்டிய சிறுவர் எண்மர் கார் மோதி மாண்டதை நாம் மறந்திலோம். காரோட்டிய இளம்பெண்ணை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் விடுவித்தது. 2022இல் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு வரையப்பட்ட முறையிலேயே குறை கண்டு விடுவித்தது. வழக்கு முடிய ஆறாண்டுகள் சென்றன.

குற்றவியல் வழக்கில் ஒருவரின் சுதந்திரமே பறிபோகக்கூடும். ஆதலின், நியாயமான ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். சிவில் வழக்கோ தராசு போன்றது. எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் மரணம் நேர்ந்திருத்தலே கூடுதலாக நம்பத்தக்கது எனக் காட்டினால் போதும். ஆகவே, அங்கே விடுதலை பெற்றவரும் இங்கே நட்ட ஈட்டிற்குப் பொறுப்பாகலாம். மாண்டவர்மீதும் தவறிருப்பின் தொகை குறையும்.

1956ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் பொருட்டு வழக்குத் தொடரலாம். துயர இழப்பீடாக 30,000 ரிங்கிட் உண்டு. அது வாழ்க்கைத் துணைக்கு உரியது; மாண்டவர் மணமாகாத, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையாயின் பெற்றோருக்கு உரியது. ஈமச் செலவும் கோரலாம்.

மாண்டவர் ஊதியம் பெற்றவராயின், குடும்பம் இழந்த ஆதரவும் கணக்கிடப்படும். நாற்பது வயதில் மாண்டவர் மாதம் 1,000 ரிங்கிட் குடும்பத்திற்கு அளித்து வந்தார் எனக் கொள்வோம். அறுபதில் நாற்பதைக் கழித்து இரண்டால் வகுக்கப் பத்து ஆண்டுகள். தொகை 1,20,000 ரிங்கிட்.

ஆனால், மரணம் நிகழ்ந்த மூன்று ஆண்டுகளுக்குள் இவ்வழக்கைத் தொடுத்தாக வேண்டும். குற்றவியல் தீர்ப்பிற்காக ஆறாண்டுகள் காத்திருந்தால் உரிமை கைநழுவிவிடும்! போலீஸ் புகார், மரணச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு விரைந்து வழக்கறிஞரை நாடுவீர். வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த மரணமாயின் சொக்சோவிலும் விண்ணப்பிப்பீர்.

போன உயிரை எப்பொருளும் மீட்டுத் தராது. எனினும், எஞ்சிய பிள்ளைகளின் உணவும் படிப்பும் தடைபடாமல் காப்பது நம் கடமையன்றோ?